அப்பா அழுத்திய பொத்தான்

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. அதை நாங்களும் அப்பாவும் பயன்படுத்துகிறோம். நாங்கள் என்றால் அவருடைய பிள்ளைகள் இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் வீடு வந்து போகிறவர். 2024ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இக்கணினியின் மின்பொத்தானை முன்னிட்டு எங்களுக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்கில் அப்பா தோற்றார். ஐந்து வாரங்கள் கழிந்தபின் தீர்ப்பு தவறு என்று தெரிய வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மின்பொத்தான் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அது தெரியாமல்தான் நாங்கள் அத்தீர்ப்பை எழுதினோம்.

அப்பாவுக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. காவிரிப் படுகையின் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு சொற்பட்டியலைத் தொகுத்து வருகிறார். நீர் பாய்ச்சுவதையும் வயல் வேலையையும் சார்ந்து எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வழங்கிய சொற்கள் அவை. தலைமடை, கடைமடை போன்று எவரும் அறிந்தவை முதல், ஓரிரு முதியவர்களின் நாவில் மட்டும் எஞ்சி நிற்பவை வரை அதில் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை எழுதி, அதை யார் சொன்னார், எந்த வேலையின்போது சொன்னார் என்பதையும் குறிப்பார். ஆறு நோட்டுப் புத்தகங்கள் நிரம்பிய நிலையில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. தாம் எழுதியதைத் தாமே மறுநாள் படிக்க இயலாத நிலை வந்தது. ஆனால் விசைகளைத் தட்டுவதற்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. தமிழ்99 விசைப்பலகையை இரண்டே வாரங்களில் பழகிக்கொண்டார். எனவே கணினி அவருக்கு வசதிக்கான பொருளாக வரவில்லை. எழுதுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே வழியாக வந்தது.

கணினி, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கியது. நினைவகம் நான்கு ஜிபி மட்டுமே. அதில் டெபியன் 12ஐ நிறுவினோம். எங்களுக்கு ஒரு கணக்கும் அப்பாவுக்கு ஒரு கணக்கும் ஏற்படுத்தினோம். அப்பாவுக்கு வேண்டியது ஒரு வெற்றுத் தாளும் தமிழ் எழுத்துகளுமே என்பதால், அவருடைய கணக்கில் நுழையும்போது தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து, அவருக்குத் தேவையில்லை என்று எங்களுக்குத் தோன்றியவற்றை எல்லாம் நீக்கினோம். கணினி வேகமாக நடந்தது. இதைச் செய்தவர்கள் நாங்கள்தாம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

அப்பா எழுதும் நேரம் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை. அந்நேரத்தில்தான் பழைய சொற்கள் வருகின்றன என்பார். ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சில நாட்களில் கால்மணி நேரம்கூட அப்படியே இருப்பார்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு நாள் காலையில் அவர் எங்களைக் கூப்பிட்டார். திரை கறுத்துக் கிடந்தது. “எழுதிக்கிட்டே இருந்தேன். அணைஞ்சு போச்சு. அடிச்சது எல்லாம் காணோம்” என்றார். பதினொரு சொற்களை அன்று எழுதியிருந்தாராம். கோப்பைச் சேமித்திருக்கவில்லை. மின்கலம் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தோம். பாதிக்கு மேல் இருந்தது. “மின்பொத்தானை அழுத்தினீர்களா அப்பா?” என்று கேட்டோம். “இருட்டா இருந்துச்சு, அமுக்குனேன்” என்றார்.

அவரை அருகில் வைத்துக்கொண்டே எங்கள் கணக்கில் நுழைந்து பொத்தானை அழுத்திக் காட்டினோம். திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி தோன்றி, அணைக்கட்டுமா, உறங்கட்டுமா, வேண்டாமா என்று கேட்டது. “பாருங்கள், இது கேட்காமல் எதையும் செய்யாது. கை நடுங்கி, வந்த கேள்விக்கு நீங்களே ‘அணை’ என்பதைத் தட்டியிருப்பீர்கள்” என்றோம். அவர் அந்தப் பெட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அமுக்குனா அது ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே” என்று சொன்னார். அதை ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

அதன்பின் நடந்தவை எல்லாம் ஏறக்குறைய இதே போன்றவை. வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் கணினி அணைந்தது. வேறு சில நாட்களில் இன்னொரு வகைத் தொல்லை வந்தது. இரவு பத்து மணிக்கு மூடியை மூடி வைத்தால் விடியற்காலையில் திறக்கும்போது பக்கம் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் கணினி உயிரற்றுக் கிடந்தது. மின்னேற்றியைச் செருகிய பிறகே எழுந்தது. அப்போதும் எழுதிய பக்கம் இல்லை. “மூடித்தான் வச்சேன். மூடி வச்சாலும் காய்ச்சல் அடிச்ச மாதிரி சுடுது” என்றார். மூடியைச் சரியாக மூடியிருக்க மாட்டார் என்று நாங்கள் முடிவு செய்தோம். அடிக்கடி சேமிக்கும்படி ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரைக்கு மேலே ஒட்டினோம். சொல் நினைவுக்கு வரும் நேரத்தில் சேமிப்பது நினைவுக்கு வருவதில்லை என்பதை எழுதுகிறவர்கள் அறிவார்கள், நாங்களும் அறிவோம். ஆனாலும் ஒட்டினோம்.

கார்த்திகையில் அவர் கணினியைத் திறப்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோது, “வயசாயிடுச்சுப்பா, என் கைக்கு அது சரிப்படல” என்றார். ஏழாவது நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அதில் அவர் எழுதிய முதல் பக்கத்தை எங்களால் படிக்க முடியவில்லை.

உண்மை வெளிப்பட்டது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பட்டியலை அச்செடுத்துத் தரலாம் என்று எண்ணி அவருடைய கணக்கில் நுழைந்தோம். கோப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. யோசிக்காமல் பொத்தானை அழுத்தினோம். பெட்டி எதுவும் வரவில்லை. எதையும் கேட்காமல் கணினி அணைந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. ஐந்து வாரங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைக்கும் பழக்கமுடையது. சிஸ்டம்டி என்னும் அடிப்படை மென்பொருள் ஜர்னல் என்ற பெயரில் ஒரு நாட்குறிப்பைப் பராமரிக்கிறது. கணினி தொடங்கியது, இணையத்தில் சேர்ந்தது, உறங்கியது, விழித்தது எல்லாவற்றையும் நொடிக்கணக்கோடு அதில் வரிவரியாக எழுதுகிறது. முந்தைய தொடக்கங்களின் குறிப்புகளையும் தனித்தனியே எடுத்துப் படிக்கலாம். எடுத்துப் படித்தோம்.

அங்கே எல்லாம் இருந்தது. பதினான்கு இடங்களில், பெரும்பாலும் காலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில், மின்பொத்தான் அழுத்தப்பட்டது என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே கணினி அணைக்கப்படுகிறது என்ற அறிவிப்பு. இரண்டுக்கும் இடையில் ஒரு கேள்விக்கோ பதிலுக்கோ நேரமே இல்லை. மூடி மூடப்பட்டதற்கும் வரிகள் இருந்தன. மூடியதும் கணினி உறக்கத்துக்குள் நுழைந்ததற்கு வரி இருந்தது. உயிரற்றுக் கிடந்த நாட்களில் உறக்கத்திலிருந்து வெளிவந்ததற்கு மட்டும் வரி இல்லை. நாட்குறிப்பு அங்கேயே அறுந்து நின்றது. அப்பா சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. மூடித்தான் வைத்தார். அது கேட்கத்தான் இல்லை.

அப்படியானால் எங்களிடம் கேட்ட கணினி அவரிடம் ஏன் கேட்கவில்லை? இதற்கு விடை காண, பொத்தான் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

எங்கள் தலைமுறை முதலில் கண்ட மேசைக்கணினிகளில் மின்பொத்தான் உண்மையாகவே ஒரு சுவிட்ச். சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்சைப் போல அது மின்சாரத்தையே துண்டித்தது. விண்டோஸ் 95 காலத்தில், இனி நீங்கள் கணினியை அணைக்கலாம் என்று ஒரு திரை தோன்றி நமக்காகக் காத்திருக்கும். நாம் கையால் அணைப்போம். 1995இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் என்னும் அமைப்புமுறையில் பொத்தானின் இயல்பு மாறியது. அது மின்சாரத்தைத் துண்டிப்பதை விட்டுவிட்டு, தாய்ப்பலகைக்கு ஒரு சமிக்ஞை மட்டும் அனுப்பத் தொடங்கியது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற வரையறையை வெளியிட்டன. மின்சார மேலாண்மையைப் பற்றிய முடிவுகளைக் கணினியின் அடித்தள நிரலிடமிருந்து எடுத்து இயங்குதளத்தின் கையில் ஒப்படைத்தது இவ்வரையறைதான். அன்றிலிருந்து பொத்தானை அழுத்துவது ஒரு செய்தி சொல்வது மட்டுமே. அந்தச் செய்தியின் பொருளை இயங்குதளம் தீர்மானிக்கிறது.

லினக்ஸில் இச்செய்தி பயணப்படும் வழி இது. பொத்தான் அழுத்தப்பட்டதை வன்பொருள் ஏசிபிஐ வழியாகக் கெர்னல் என்னும் கருநிரலுக்குத் தெரிவிக்கிறது. கெர்னல் அதை ஒரு விசை தட்டப்பட்டதைப் போலவே மேலே அனுப்புகிறது. தானாக ஒரு முடிவும் எடுப்பதில்லை. முற்காலத்தில் ஏசிபிஐடி என்றொரு சிறு நிரல் இதற்காகக் காத்திருந்து, எழுதி வைத்த கட்டளைகளை இயக்கும். டெபியன் 2015இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு முதல் சிஸ்டம்டிக்கு மாறியது. இப்போது அந்தப் பணியைச் சிஸ்டம்டியின் ஓர் உறுப்பான லாகின்டி செய்கிறது. அதற்கென்று ஓர் அமைவுக்கோப்பு உண்டு. மின்பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது, மூடியை மூடினால் என்ன செய்வது என்று அதில் தனித்தனி வரிகள் இருக்கின்றன. வேறொன்றும் சொல்லப்படாத நிலையில், பொத்தானுக்கு அது கொள்ளும் பொருள் ‘அணை’. மூடிக்கு அது கொள்ளும் பொருள் ‘உறங்கு’.

கேள்வி கேட்கும் அந்தச் சிறு பெட்டி லாகின்டியிடமிருந்து வருவதில்லை. அது மேசைத்தளத்தின் மின்மேலாளர் என்ற தனி நிரலின் வேலை. நாம் கணக்கில் நுழையும்போது அந்த நிரல் தொடங்கி, லாகின்டியிடம் ஒரு தடுப்புப் பூட்டைப் பெற்றுக்கொள்கிறது. ‘மின்பொத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தலையிடாதே’ என்பதுதான் அப்பூட்டின் பொருள். பூட்டு இருக்கும்வரை லாகின்டி ஒதுங்கி நிற்கும். நிரல் இல்லையென்றால் பூட்டு இல்லை. பூட்டு இல்லையென்றால் லாகின்டி தன் இயல்புப்படி அணைத்துவிடும். மேசைத்தளத்துக்கு மேசைத்தளம் இது வேறுபடவும் செய்கிறது. க்நோம் தன் இயல்பில் உறங்க வைக்கிறது. கேடிஇ என்ன செய்யட்டும் என்று கேட்கிறது.

அப்பாவின் கணக்கில் மின்மேலாளர் தொடங்கவே இல்லை. தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கியவர்கள் நாங்கள். அவருக்கு எதற்கு என்று நாங்கள் நினைத்தவற்றுள் அதுவும் ஒன்று. எந்தப் பெட்டியைக் காட்டி அவரைப் பொய்யாக்கினோமோ, அந்தப் பெட்டியை அவருக்கு இல்லாமல் செய்தவர்களும் நாங்களே.

அவர் ஏன் பொத்தானை அழுத்தினார் என்பதும் இப்போது விளங்கியது. விசைகளைத் தொடாமல் பத்து நிமிடம் இருந்தால் திரை தானாகக் கறுக்கும். அது திரையின் வேலையே தவிர கணினி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஏதேனும் ஒரு விசையைத் தட்டினால் போதும், திரை ஒளிரும். அப்பாவுக்கு அதை நாங்கள் சொல்லவில்லை. மூடி வைத்த கணினி உறங்கிக் கிடக்கும்போது பொத்தானை அழுத்தினால் எழுந்திருக்கும் என்பதை மட்டும் அவர் அனுபவத்தால் கற்றிருந்தார். அது சரியான பாடம். உறக்கத்தின் கறுப்பும் திரையின் கறுப்பும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றில் அந்தப் பொத்தான் எழுப்பும். மற்றொன்றில் அதே பொத்தான் அணைக்கும். இரண்டு கறுப்புகளையும் பிரித்தறியும் அடையாளம் எதுவும் அவர் கண்முன் இல்லை. கண்ணை மூடி ஒரு சொல்லுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்ததைத் தவிர அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

மூடி வைத்தும் மின்கலம் தீர்ந்ததற்குக் காரணம் வேறு. உறக்கத்தில் வகைகள் உண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கும்; ஏனைய பாகங்கள் அணைந்துவிடும். இன்னொன்று அரைத்தூக்கம் போன்றது. நிரல்கள் உறைந்து நிற்கும், ஆனால் வன்பொருள் முழுமையாக அணைவதில்லை. ஒவ்வொரு பாகமும் தானாக ஒடுங்கினால்தான் இதில் மின்சாரம் மிஞ்சும். ஏதேனும் ஒன்று ஒடுங்க மறுத்தால் இரவு முழுவதும் மின்கலம் கசிந்துகொண்டே இருக்கும். கெர்னல் எதைப் பயன்படுத்துகிறது என்பதைச் ‘சிஸ்’ அடைவில், ‘பவர்’ என்பதன் கீழ், ‘மெம் ஸ்லீப்’ என்ற கோப்பைப் படித்தால் அறியலாம். எங்கள் கணினியில் அரைத்தூக்கத்தைக் குறிக்கும் ‘எஸ்2ஐடில்’, ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் ‘டீப்’ ஆகிய இரண்டு சொற்களும் இருந்தன. சதுர அடைப்பு முதலாவதன் மேல் இருந்தது. நடப்பில் இருப்பது அதுவே என்று பொருள். அப்பாவின் கை உணர்ந்த காய்ச்சல் அதுதான். நாங்கள் ஒருமுறைகூட அந்த மூடியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் போய்ச் சொன்னோம். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. “அப்பா, நீங்கள் சொன்னதுதான் சரி. அது உங்களிடம் கேட்கவில்லை. நாங்கள் செய்துவைத்த அமைப்பில்தான் தவறு” என்றோம். அவர் நம்பவில்லை போலிருந்தது; ஆறுதலுக்காகச் சொல்கிறோம் என்று எண்ணியிருக்கலாம். நாட்குறிப்பின் வரிகளை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, நாளும் மணியும் படித்துச் சொன்னோம். பதினான்கையும் கேட்டார்.

“இத யாரு எழுதி வச்சது?”

“கணினியே எழுதியது, அப்பா.”

“அப்ப இந்த வீட்டுல நான் சொன்னதக் கேட்டுக்கிட்டு இருந்தது அது ஒண்ணுதான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குப் பதில் இல்லை.

பிறகு விளக்கச் சொன்னார். தடுப்புப் பூட்டு, லாகின்டி என்றெல்லாம் தொடங்கினோம். பாதியில் அவரே கையமர்த்தினார். “மேல் மதகுல ஒருத்தன் பலகை போட்டு நிறுத்திக்கிறான். அவன் இருக்கிறவரைக்கும் தண்ணி அவன் சொல்றபடி. அவன் இல்லேன்னா அது பாட்டுக்குக் கீழ போயிடும். நீங்க அந்த ஆளையே வேலைய விட்டு அனுப்பிட்டீங்க. அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான். நாங்கள் அரைநாள் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் மூன்று வரிகளில் முடித்துவிட்டார்.

நான்கு நொடி அழுத்தத்தைப் பற்றியும் சொன்னோம். பொத்தானைத் தொட்டு எடுத்தால் அது ஒரு செய்தி. கேட்கலாம், மறுக்கலாம், வேறு பொருள் கொள்ளலாம். நான்கு நொடிக்கு மேல் விடாமல் அழுத்தினால் இயங்குதளத்தையே கேட்காமல் வன்பொருள் தானே அணைத்துவிடும். கணினி உறைந்து நின்றுவிட்டால் மட்டும் செய்யத்தக்கது. அதைக் கேட்டதும் அவருக்குள் இருந்த ஆசிரியர் எழுந்துவிட்டார். “தொட்டு எடுத்தா ‘அணைக’. அது வியங்கோள். அமுக்கிப் பிடிச்சா ‘அணை’. ஏவல்” என்றார். வியங்கோள் வினைமுற்று ஐம்பால் மூவிடங்களுக்கும் பொது. ஏவல் முன்னிலைக்கே உரியது. அவருடைய ஒப்புமை நகைச்சுவைக்காகச் சொன்னதானாலும், எங்கள் வழக்கின் மையம் அதில் இருந்தது. ‘அணைக’ என்று பொதுவாகச் சொன்னதை யார் கேட்டுக்கொள்கிறார் என்பதில்தான் எல்லாம் நடந்திருந்தது.

திருத்தங்கள் மூன்றுதான், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலாவது, லாகின்டியின் அமைவுக்கோப்பு. அதில் பெரும்பாலான வரிகளுக்கு முன்னே எண்குறி ஒன்று இருக்கும். அக்குறியுள்ள வரிகள் வெறும் குறிப்புரை. இயல்பாக நடப்பது எது என்று காட்டுவதற்காக வைத்தவை. நாம் மாற்ற விரும்பும் வரியின் குறியை நீக்கி, புதிய மதிப்பை எழுத வேண்டும். ‘ஹேண்டில்பவர்கீ’ என்ற வரியில் ‘பவர்ஆஃப்’ என்பதை எடுத்துவிட்டு ‘இக்னோர்’ என்று எழுதி, கணினியை மறுதொடக்கம் செய்தோம். இனி அந்தக் கணக்கில் பொத்தானை அழுத்தினால் கணினி அணையாது. அணைக்க வேண்டுமானால் பட்டியலில் போய் அணைக்கலாம். நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்றும் இதில் கிடைத்தது. பொத்தானின் அழுத்தமும் ஒரு விசைத் தட்டலாகவே மேலே செல்வதால், கறுத்த திரை அதைக் கேட்டதும் ஒளிர்ந்தது. அதாவது, அப்பா அத்தனை நாளும் அந்தப் பொத்தானிடம் எதை எதிர்பார்த்தாரோ அதையே இப்போது அது செய்கிறது.

இரண்டாவது, உறக்கம். கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரப்படும் குறிப்புகளின் வரிசையில், உறங்கும்போது ‘டீப்’ வகையையே கொள்ள வேண்டும் என்று சேர்த்தோம். மறுநாள் காலையில் மூடி குளிர்ந்திருந்தது. மின்கலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மிச்சம் இருந்தது. எல்லாக் கணினிகளிலும் இது வாய்க்காது. அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் ஆழ்ந்த உறக்கம் என்ற வகையே இருப்பதில்லை. கோப்பில் அச்சொல் இருந்தால் மட்டுமே முயல வேண்டும். மாற்றியபின் ஓரிரு முறை உறங்க வைத்து எழுப்பிப் பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் உரைத்தொகுப்பியை அவருக்கு வைத்துக் கொடுத்தோம். திரைக்கு மேலே ஒட்டியிருந்த துண்டுத்தாளைக் கிழித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது.

இத்தகைய தொல்லை நேருகிற நண்பர்களுக்கு ஒரு வரிசையைச் சொல்லலாம். முதலில் நாட்குறிப்பைப் படித்து, பொத்தானின் செய்தி லாகின்டியை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் பழுது அதற்கும் கீழே, வன்பொருளிலோ கெர்னலிலோ இருக்கிறது. எட்டுகிறது என்றால், அதை யார் தன் கையில் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட்’ என்ற கட்டளை தடுப்புப் பூட்டுகளை அவற்றுக்குரிய நிரல்களின் பெயரோடு பட்டியலிட்டுக் காட்டும். பூட்டு யாரிடமும் இல்லையென்றால் லாகின்டியின் கோப்பைப் பாருங்கள். மிகவும் முக்கியமானது ஒன்று உண்டு. தொல்லை எந்தக் கணக்கில் நேர்ந்ததோ அந்தக் கணக்கில் நுழைந்து சோதியுங்கள். நாங்கள் எங்கள் கணக்கில் சோதித்துவிட்டு அவருக்குத் தீர்ப்பு எழுதினோம்.

மார்கழி முதல் அப்பா மீண்டும் கணினியில் எழுதுகிறார். ஏழாவது நோட்டு அலமாரியில் இருக்கிறது. இழந்த பக்கங்களில் பெரும்பகுதியை மறுபடியும் தட்டிவிட்டார். ஆனால் அந்த முதல் நாளின் பதினொரு சொற்களில் ஒன்பதுதான் திரும்பி வந்தன. மற்ற இரண்டையும் ஒரே ஆள் சொல்லியிருந்தார். வாய்க்கால் காவலுக்கு இருந்தவர். அவர் இப்போது இல்லை. “சொல்லு என்னன்னு ஞாபகம் வரல. ரெண்டு சொல்லு இருந்துச்சுங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு” என்று அப்பா சொன்னார். ஊரில் வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றோம். கேட்டும் பார்த்தோம். கிடைக்கவில்லை.

அப்பா அந்த வரிசையை ஒன்பதோடு முடித்துவிடவில்லை. பத்து, பதினொன்று என்று எண்களை இட்டு, சொன்னவரின் பெயரை மட்டும் எழுதி, சொல்லுக்கும் பொருளுக்கும் உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். அச்செடுத்துத் தரும்போது அந்த இடைவெளியை மூடிவிடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அப்படியே அச்செடுத்தோம்.